உண்மைப் படத்தில் நடந்து போனவர்

பிள்ளைகளே, போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் டிவியில் ஒரு கொலை வழக்கைப் பற்றிய படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நடிகர்கள் யாரும் கிடையாது. செத்தவருடைய அண்ணன், பக்கத்து வீட்டு அம்மா, விசாரித்த அதிகாரி என்று சம்பந்தப்பட்டவர்களே வந்து பேசினார்கள். அண்ணன் அழுகிற இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார் என்று சின்னவன் சிரித்தான். பக்கத்து வீட்டு அம்மா முதலில் ஒன்று சொல்கிறாள், பிறகு வேறொன்று சொல்கிறாள், இவளை எப்படி நம்புவது என்று பெரியவள் கேட்டாள். நான் எழுந்து போய்விட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. அந்த மாதிரி ஒரு படத்துக்கு நான் விளக்குப் பிடித்திருக்கிறேன். அந்த விஷயத்தை வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் எழுத்து. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் காரைக்கால் டவுனில் ஒரு டெக் கடையில் வேலை பார்த்தேன். டெக் என்றால் வீடியோ கேசட் போடுகிற பெட்டி. கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு விடுவோம். முதலாளி சவுதியில் இருந்துவிட்டு வந்தவர், நாங்கள் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். கல்யாண வீட்டில் வீடியோ எடுக்க யாராவது வந்தால் விளக்கும் ஒயரும் நானாவுடையது. பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

அப்படித்தான் மெட்ராஸிலிருந்து தாடி வைத்த ஒருவர் ஒரு கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். திருவேட்டக்குடிக்கு வடக்கே உள்ள ஒரு மீனவர் ஊரில் நடந்த கொலையைப் பற்றிப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஊர்ப் பெயரை நான் எழுத மாட்டேன். ஆட்களின் பெயரையும் எழுத மாட்டேன். அங்கே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

கொலை நடந்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்கால் வேறு அரசு என்பதால் நம் பக்கம் சாராயக்கடை திறந்திருக்கும், நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. டயர் டியூபில் சாராயத்தை நிரப்பி, உடம்பில் சுற்றிக்கொண்டு, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லை தாண்டிப் போவார்கள். கடற்கரை ஓரமாக ஒரு வழி. வரிச்சிக்குடி வயல் வரப்பில் ஒரு வழி. இன்றைக்கு யார் எந்த வழியில் போகிறார்கள் என்பது அனுப்புகிறவருக்கும் போகிறவருக்கும் மட்டும்தான் தெரியும். அனுப்புகிறவர் யார் என்பதை உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அந்தத் தொழிலில் இருந்த ஒரே ஒழுங்கு அது.

ஒரு நாள் விடிந்தபோது ஆற்று முகத்துவாரத்தில் அந்த ஊர்ப் பையன் ஒருவன் குப்புறக் கிடந்தான். பின்கழுத்தில் வெட்டு. டியூபையும் அறுத்துவிட்டிருந்தார்கள். மணலெல்லாம் சாராய வாடை. நாய்கள் கிட்டே போகாமல் தூரத்திலேயே நின்று குரைத்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பையன் ஓடிய தடம் மணலில் இல்லை. பின்னால் வந்தவனைக் கண்டு அவன் பயப்படவில்லை, அப்படியென்றால் தெரிந்தவன்தான். இந்த ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இனி படத்தில் பேசியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் பையனுடைய அம்மா. கருவாடு விற்கிறவள். வாய் பெரியது. எடை போடும்போது தட்டில் ஒரு விரல் தானாக வந்து உட்காரும். அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

“என் புள்ள சாராயத்தைக் கண்ணால பாத்தது கெடையாதுங்க. வலை எடுக்கத்தான் போனான். அவனை வெட்டுனவன்தான் அந்த டியூபைக் கொண்டாந்து போட்டுட்டான்,” என்று அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்து, “ஏய், சனியனே, அது பன்னாக் கருவாடுடா,” என்று ஒரு காக்காயை விரட்டிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து அழுதாள். அவள் சொன்னதை ஊரில் யாரும் நம்பியதில்லை. டவுன் ஆள் எவனோ அனுப்பித்தான் பையன் போனான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெற்றவளோடு யார் போய் வாதம் செய்வது?

இன்னொருவர் ஓய்வு பெற்ற கான்ஸ்டபிள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் சிவப்புத் தொப்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு வந்தார். காலடித் தடத்தைக் கயிறு வைத்து அளந்தேன், அதைச் செய்தேன், இதைச் செய்தேன் என்று அளந்துவிட்டார். பின்னால் நின்ற டீக்கடைக்காரர், “என் கடை பெஞ்சைத்தான் அளந்தாரு,” என்று என் காதில் சொன்னார். ஆனால் எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கப் போகும்போது அந்தக் கான்ஸ்டபிள் தானாகவே சொன்னார்: “அந்தப் பையன் ஒரு தடவை எனக்கு எறா கொண்டாந்து குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது.” கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தாடிக்காரர் நல்ல மனிதர். முதல் நாளே ஊரைக் கூட்டி, “இது சினிமா இல்லீங்க. இதுல யாரும் நடிக்கப் போறதில்ல. எல்லாம் உண்மை,” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதற்கு ஊரில் உண்மைப் படம் என்றே பெயர்.

கடைசி நாள் அவருக்கு ஒரு குறை வந்தது. எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறார்களே தவிர, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு ஆள் கரையோரமாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிற மாதிரி வேண்டும், முகம் தெரிய வேண்டாம், முதுகு போதும் என்றார். அப்போது ஐஸ்காரர் அந்த வழியாக வந்தார். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துத் தூக்குகிறவர். வருஷக் கணக்கில் இடது தோளில் பெட்டி தூக்கியதால் அந்தத் தோள் இறங்கியிருக்கும். குடிப்பார். குடித்தால் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் திட்டுவார். விடிந்ததும் வீடு வீடாகப் போய், “நேத்து உங்களையும் திட்டுனேனா?” என்று கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார். திட்டாத வீட்டில்கூடக் கேட்டு வைப்பார்.

“மூஞ்சி படத்துல விழுமாங்க?” என்று, தன்னை நடக்கச் சொன்ன தாடிக்காரரிடம் கேட்டார்.

“விழாதுங்க, முதுகு மட்டும்தான்.”

“இந்த முதுகைப் பாக்கவா மெட்ராஸ்லேந்து வந்தீங்க? எம் பொண்டாட்டியைக் கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பாளே, அவகிட்ட தெனம் காட்டிட்டுத்தானே படுக்குறேன்.”

எல்லாரும் சிரித்தோம். அவர் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. காலை மணலில் புதைய விடாமல், சத்தமில்லாமல், தோளை இறக்கிக்கொண்டு அவர் போகப் போக, எனக்குத் தெரிந்த ஐஸ்காரர் மாதிரியே தெரியவில்லை. யாரோ ஒருவன் போகிறான். முன்னால் யாரோ இருப்பது அவனுக்குத் தெரியும். நான் விளக்கை அந்த முதுகின் மேலேயே பிடித்திருந்தேன். கேமராக்காரர் மட்டும், “அருமை,” என்றார்.

மாதங்கள் கழித்துக் கேசட் வந்தது. ஊரில் போட்டுக்காட்ட வேண்டும் என்று பஞ்சாயத்தார் டெக்கை வாடகைக்குக் கேட்டார்கள். மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் சாயங்காலம் டிவியை வைத்தேன். கான்ஸ்டபிள் வந்ததும் கொட்டகையே சிரித்தது. இறால் விஷயம் வந்தபோது கொஞ்சம் அடங்கியது. கருவாட்டுக்காரம்மா தன்னையே பார்த்து ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். பிறகு அந்தக் கரை வந்தது. ‘அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பின்னால் ஒருவன் நடந்து போனான்’ என்று ஒரு குரல் சொன்னது. அந்த முதுகு போனது.

“இது நம்ம ஐஸ்காரன்ல?” என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

“ஆமாண்டா, டிவியில வந்துட்டேன்,” என்று ஐஸ்காரர் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்.

செத்தவனின் அண்ணன், கருவாட்டுக்காரம்மாவின் மூத்த மகன், சிரிக்கவில்லை. “அதைத் திருப்பிப் போடுங்க,” என்றான். போட்டேன். “இன்னொரு தடவை,” என்றான். மூன்றாவது தடவை அந்த முதுகு போனபோது முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். ஐஸ்காரர் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார். தன்னோடு வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கடைக்கு வந்தவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். ஐஸ்காரரை எந்தப் படகுக்காரரும் கூப்பிடவில்லை. அவர் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் பெண்ணுக்குப் பேசியிருந்த இடத்திலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டு திரும்பி வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக் கதவில், அறுத்த டியூப் ஒன்று தொங்கியது.

அவர் கடைக்கே வந்தார். குடிக்காமல் வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது.

“தம்பி, நடிக்கச் சொன்னதுன்னு நீ ஒரு வார்த்தை வந்து சொல்லேன். பஞ்சாயத்து வைக்கப் போறாங்க. அவன் அண்ணன் என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல.”

பஞ்சாயத்தில் குற்றம் என்று ஆகிவிட்டால் ஊர் விலக்கு. தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. பஞ்சாயத்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் அண்ணன்காரன் விலக்கோடு விடமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். தாடிக்காரருக்கு மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுப் பார்த்தோம், ஆள் ஊரில் இல்லை. அதற்குள் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்துவிட்டது: டெக், டிவி, கேசட் மூன்றும் வேண்டும், சாட்சிக்கு.

“போய்ட்டு வா,” என்றார் நானா. “சாமான் பத்திரம். நீ அதைவிடப் பத்திரம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

அதே கொட்டகை, காலை நேரம். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரத்தில் நின்றார்கள். ஐஸ்காரர் நடுவில் கைகட்டி நின்றார். முதுகு வருகிற இடத்தை மட்டும் முதலில் போடச் சொன்னார்கள், போட்டேன். பிறகு சொன்னேன், “இது காட்டுறதுக்காக நடக்க வச்சதுங்க. நான்தான் விளக்குப் பிடிச்சேன்.”

“எல்லாம் உண்மைன்னு அந்தாளே சொன்னார்ல?” என்றான் அண்ணன்காரன். “அம்மா பேசுனது உண்மை, போலீஸ்காரர் பேசுனது உண்மை, இது மட்டும் பொய்யா?”

பஞ்சாயத்தில் மூத்தவர் நிதானமானவர். “நடக்க வச்சாங்க, சரி. ஊர்ல இத்தனை ஆம்பளை இருக்கோம். இவனை ஏம்ப்பா கூப்பிட்டாங்க?” என்று என்னைக் கேட்டார்.

“சாக்கைத் தூக்கிட்டு மணல்ல நல்லா நடந்தாருங்க.”

“அதைத்தான் நாங்களும் கேக்குறோம். அவ்ளோ நல்லா எப்படி நடந்தான்?”

மூத்தவர் ஐஸ்காரர் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு நீ எங்க இருந்தே?”

ஐஸ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “வீட்லதான் மாமா,” என்றார்.

“வீட்ல இல்லேன்னு உம் பொண்டாட்டி சொல்லிட்டா. எங்க இருந்தே?”

“வீட்லதான்.”

கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அண்ணன்காரன் எழுந்து நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அவனைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. மூத்தவர் என்னிடம் படத்தை ஆரம்பத்திலிருந்து போடச் சொன்னார். நேரத்தைக் கடத்துகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. டிவியில் கருவாட்டுக்காரம்மா வந்தாள். என் புள்ள சாராயத்தைக் கண்ணால பாத்தது கெடையாதுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அதை நிறுத்து தம்பி,” என்று ஓரத்திலிருந்து அவள் குரல் வந்தது. நிறுத்தினேன். அவள் கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

“அது பொய்,” என்றாள்.

ஐஸ்காரரைக் கையால் காட்டினாள்.

“இவன் வீட்ல இல்ல. கடக்கரையிலயும் இல்ல. ரெண்டு டியூபோட வரிச்சிக்குடி வரப்புல போய்க்கிட்டு இருந்தான். அனுப்புனது நான். அன்னைக்கே கரை வழியா என் புள்ளயையும் நான்தான் அனுப்புனேன். டவுன் ஆளு எவனும் இல்ல.”

“அம்மா, வாயை மூடு,” என்றான் மகன்.

“ஏன் மூடணும்? உன் கல்யாணத்துக்கு ஊரே வந்து சாப்புட்டுச்சே, அது கருவாடு வித்த சோறுன்னா நெனச்சே?” என்றாள். பிறகு ஐஸ்காரரைப் பார்த்தாள். “சொல்ல வேண்டியதுதானேடா. கழுத்துல கத்தி வர்ற வரைக்கும் வீட்ல வீட்லன்னு நிக்கிற.”

“நான் யார்ட்டயும் சொல்லலக்கா.”

“தெரியும். குடிச்சுட்டு ஊர்க்கதையெல்லாம் உளறித் தொலைப்பே. இதை மட்டும் ஒரு நாளும் உளறல.”

அந்த நிமிஷம்தான் பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது. எடையில் விரல் வைக்கிறவள், கேமரா முன்னால் வாய் கூசாமல் பொய் சொன்னவள். செத்த பிள்ளைக்காக ஊர் இத்தனை வருஷம் அவளுக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் அந்தப் பொய்யின் மேல்தான் நின்றது. அவள் அதைத் தானே போட்டு உடைத்தாள், ஒரு குடிகாரருக்காக. அந்தக் குடிகாரர் அவளுக்காகத் தன் உயிரையே விட்டுவிடப் பார்த்தார். டிவியில் அழுதுகொண்டே கடிகாரம் பார்க்கிறவரையோ, மாற்றி மாற்றிப் பேசுகிறவளையோ பார்த்தால் எனக்கு இவர்கள் இரண்டு பேர் ஞாபகம்தான் வருகிறது. சிரிக்க முடிவதில்லை. அவர்கள் அடுத்து என்ன சொல்லப் போகிறார்கள் என்று காத்திருக்கத்தான் தோன்றுகிறது.

மூத்தவர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். “சரி. உன் புள்ள அன்னைக்குக் கரை வழியா போறான்னு வேற யாருக்குத் தெரியும்?”

அவள் கொட்டகையைப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து மறு முனை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் கண் ஒரு இடத்தில் நின்ற மாதிரி எனக்குப் பட்டது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

“தெரியாது,” என்றாள்.

ஐஸ்காரர் மேல் குற்றமில்லை என்று பஞ்சாயத்தில் முடிந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. அவர் இல்லை என்று ஆனவுடன், அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரிடமிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தது.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒருவர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தார். மரியாதையானவர்.

“தம்பி, அவங்க எடுத்தது இந்த ஒரு கேசட்டுதானா? படத்துல போடாதது வேற ஏதாவது இருக்குமா? வேற யாராவது பேசுனாங்களா?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன். அவர் ஒயரை அழகாகச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐஸ்காரருக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. அவர் பெண்ணைப் பிற்பாடு வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கருவாட்டுக்காரம்மாவைத்தான் ஊர் ஒதுக்கிவிட்டது, விலக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே. மூத்த மகன் மாமனார் வீட்டோடு போய்விட்டான். மற்றப் பெண்கள் அவளோடு சேர்ந்து பஸ் ஏறுவதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில் அவள் தனியாகக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாளைக் கருவாடு கேட்டேன். தராசைத் தூக்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் ஒருத்தர் இன்னும் கேசட் இருக்கிறதா என்று விசாரித்தார் என்று சொல்லிவிட்டேன்.

யார் என்று அவள் கேட்கவே இல்லை.

“கேப்பான்,” என்றாள். கருவாட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிவிடச் சொன்னாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றாள்.

“தம்பி, எனக்குப் பின்னாடி யாராச்சும் வர்றாங்களா, பாத்துச் சொல்லு.”

திரும்பிப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்த முகங்கள்தான், அன்றைக்கு ஒயரைச் சுருட்டிக் கொடுத்தவரும் அதில் இருந்தார். அவர்களுக்குப் பின்னால், ஒரு தோளை இறக்கிக்கொண்டு, ஐஸ்காரர் கொஞ்சம் வேகமாக நடந்து வந்தார். அவர் கண் என் மேலும் இல்லை, அவள் மேலும் இல்லை. முன்னால் போகிறவர்களில் அந்த ஒருவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.